பழைய பிக்கப் வண்டியும் சாலைச் சட்டமும்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி நம் நாட்டில் 55 இடங்களில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்நாள் முதல், மண் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் ஜீப் வண்டி, சர்க்கார் ஊருக்குள் வந்துவிட்டது என்பதற்கு ஓர் அடையாளமாயிற்று. அதே காலத்தில் வசதியுள்ள குடியானவர்கள் சிலர் ஜீப் இனத்தைச் சேர்ந்த பிக்கப் வண்டிகளையும் வாங்கினர். முன்னே இருவர் அமர இடமும், பின்னே மூட்டை ஏற்றத் தொட்டியும் உள்ள இவ்வண்டிகள், மாட்டு வண்டி அரை நாளில் செய்த வேலையை ஒரு மணி நேரத்தில் செய்து முடித்தன.

அவ்வண்டிகளில் சில இன்னமும் களத்து மேட்டுக் கொட்டகைகளில், வைக்கோலுக்கும் பழைய ஏற்றச் சாமான்களுக்கும் நடுவே நிற்கின்றன. அவற்றை மீண்டும் ஓட்டலாமா, ஓட்டினால் சட்டம் ஒப்புக்கொள்ளுமா, சட்டம் ஒப்பும்படி செய்யப் போய் வண்டியின் பழைய உருவம் போய்விடாதா என்று பலர் கேட்கின்றனர். இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லாமையால் சிலர் நல்ல வண்டியைக் கெடுத்துவிடுகின்றனர். வேறு சிலர் சொத்தையே இழந்துவிடுகின்றனர். ஆகையால் இப்பொருளைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துக் கூறுகிறேன்.

ஒரு குடியானவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், வயது முதிர்ந்த குடியானவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய தகப்பனார் வாங்கிய வில்லிஸ் பிக்கப் வண்டி ஒன்று வீட்டில் இருந்தது. அமெரிக்க நாட்டில் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் 1947 முதல் செய்யப்பட்ட வகை அது. முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 118 அங்குலம்; நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின்.

“ஐயா, பட்டறைக்காரர் இந்த இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் வைத்துவிடலாம் என்கிறார். சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை வெட்டி அகலமான டயர் போடலாம் என்கிறார். நிலக்கடலை மூட்டை ஏற்ற உதவும். தாங்கள் ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும், சாலையில் ஓட்டிக்கொள்வேன்” என்றார்.

“பெரியவரே, என் சான்றிதழைக் கொண்டு எந்த வண்டியும் சாலையில் ஓட முடியாது. பஞ்சாயத்துத் தலைவர் கொடுத்தாலும் அப்படியே. அதற்குரிய அதிகாரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கிறார். அவரிடம் போகுமுன் ஒன்றைத் தீர்மானம் செய்யுங்கள். இந்த வண்டி உங்களுக்கு மூட்டை சுமக்க வேண்டுமா, அல்லது தகப்பனாரின் நினைவாக அப்படியே நிற்க வேண்டுமா?” என்று கேட்டேன்.

“இரண்டும் கூடாதா, ஐயா?” என்றார் அவர்.

பெரும்பாலும் கூடாது என்பதுதான் விடை. ஏன் என்பதை விளக்குகிறேன்.

இரண்டு வழிகள்

சட்டம் பழைய வண்டிக்கு இரண்டு வழிகளை வகுத்திருக்கிறது.

முதலாவது, வேலை செய்யும் வண்டியின் வழி. சரக்கு ஏற்றுவதற்கென்றே அமைந்த வண்டி சட்டப்படி சரக்கு வண்டியாகும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. ஆனால் எஃப்.சி. என்று நாம் சொல்லும் தகுதிச் சான்று கட்டாயம் வேண்டும்; எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு அதை ஆண்டுதோறும் பெற வேண்டும். சொந்த உபயோக வண்டியாகப் பதிவானதற்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பின் வண்டியைக் காட்டிச் சோதனை முடித்து, ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளுக்கான கட்டணங்கள் 2022 ஏப்ரல் முதல் கணிசமாக உயர்த்தப்பட்டன. ஆகவே செலவை முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, பழம்பெருமை வண்டியின் வழி. ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. முதல் விற்பனைக்குப் பின் பதிவான நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, வாடகைக்கோ வியாபாரத்துக்கோ அல்லாத, சொந்த உபயோகத்துக்குரிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இவ்விதிக்குள் வரும். சட்டகம், உடற்கூடு, இஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் எதுவும் செய்யப்பட்டிருத்தல் கூடாது. படிவம் 20இல் மனுச் செய்து, இன்ஷூரன்ஸ் பாலிசியையும் பழைய பதிவுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பதிவு அதிகாரி 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-யில் சான்று வழங்குவார்; அது 10 ஆண்டு செல்லும். விதி வந்தபோது புதுப் பதிவுக்கு 20,000 ரூபாயும், மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணமாக வைக்கப்பட்டன. முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய சென்னை மாகாண எண்களைத் தாங்கிய வண்டிகளுக்கு இது பெரிய சலுகையாகும். புதிதாக எண் பெறுவோருக்கு மாநில எழுத்துக்களை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் வரும்.

இவ்வழியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவ்வண்டியை அன்றாட வேலைக்கோ வியாபாரத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. பொருட்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகிய காரியங்களுக்குப் போய் வருவதற்கு மட்டுமே அனுமதி உண்டு. ஆகையால்தான் மூட்டையும் நினைவும் ஒரே வண்டியில் ஏறா என்று பெரியவரிடம் சொன்னேன்.

முதலில் ஏடு, பிறகு இரும்பு

பழைய வண்டியை எடுத்தவுடன் வர்ணம் அடிக்கப் போவது நம்மவர் வழக்கம். அது தலைகீழான முறை. ஏடு சரியில்லாத வண்டிக்குச் செய்யும் செலவு, பட்டா இல்லாத நிலத்தில் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேட வேண்டும். அதிலுள்ள சட்டக எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வகை நான்கு சிலிண்டர் இஞ்சினில், முன்புறம் நீர்ப் பம்புக்கு அருகே எண் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை மெதுவாகத் துடைத்தால் எண் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தல் கூடாது. மங்கிய எண்ணை உளி வைத்துப் புதிதாகப் பொறித்தல் பெருந்தவறு. அப்படிச் செய்த வண்டி, திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்துக்கு இடமளிக்கும்.

புத்தகம் தொலைந்திருந்தால் போலீசில் தெரிவித்துச் சான்று பெற்று, படிவம் 26இல் நகலுக்கு மனுச் செய்யலாம். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசுதாரர் 30 நாட்களுக்குள் தகவல் தெரிவித்து, வண்டி தம் வசம் வந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. கிராமங்களில் பாட்டனார் பெயரிலேயே வண்டியை வைத்துக்கொண்டு பேரன் ஓட்டுவதைக் காண்கிறோம். காலம் கடந்திருப்பின் தாமதத்துக்குரிய கட்டணத்தோடு மனுச் செய்யலாமே ஒழிய, அப்படியே விட்டுவிடுதல் கூடாது. சகோதர சகோதரிகள் இருப்பின் அவர்களுடைய சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது பிற்காலத்து மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

மூன்றாவதாக, அந்தப் புத்தகத்தில் வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரக்கு வண்டி என்றிருந்தால் முதல் வழியே அதற்கு உரியது. சொந்த உபயோக வண்டி என்றிருந்தால்தான் இரண்டாவது வழியைப் பற்றி யோசிக்க இடமுண்டு. வரி பாக்கியையும் இப்போதே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

பழுதுபார்த்தல் வேறு, மாற்றியமைத்தல் வேறு

இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுவே. தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டு அதே மாதிரியான பாகத்தை வைத்தால் அது பழுதுபார்த்தல். செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறான ஒன்றை வைத்தால் அது மாற்றியமைத்தல். முன்னதைச் சட்டம் ஒப்புகிறது; பின்னதைத் தடுக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே வலியுறுத்தித் தீர்ப்புக் கூறியது. வேறு இஞ்சின் வைப்பதானால் முன் அனுமதி பெற்று, அதைப் புத்தகத்திலும் பதிய வேண்டும். அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பழைய பெட்ரோல் ஜீப்புகளுக்கு டீசல் இஞ்சின் மாற்றுவது ஒரு காலத்தில் எங்கும் நடந்த காரியம். எரிபொருள் செலவு குறைந்தது உண்மை. ஆனால் பதியாமல் மாற்றிய வண்டி தகுதிச் சோதனையில் தள்ளப்படும். அனுமதி பெற்றே மாற்றியிருந்தாலும், பழம்பெருமை வண்டி என்ற இரண்டாவது வழி அடைபட்டுவிடுகிறது. பழைய அமைப்பைக் காப்பதும் சட்டத்துக்கு அடங்குவதும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அமைப்பு மாறாத வண்டிக்கே சட்டத்தின் கதவு எளிதில் திறக்கிறது.

பெரியவரின் வண்டியில் இருந்தது 134 கன அங்குல, அதாவது சுமார் 2,200 கன சென்டிமீட்டர் இஞ்சின். உள்வாங்கும் வால்வுகள் தலைப்பகுதியிலும், புகை போக்கும் வால்வுகள் அடிப்பகுதியிலும் அமைந்த வகை அது. பெயர் பெற்ற உழைப்பாளி இஞ்சின். அதைக் கழற்றி எடைக்குப் போட வேண்டாம் என்று தடுத்தேன்.

பாதுகாப்புக்கு வேண்டியவை

பழைய உருவத்தைக் காப்பது என்பதற்குப் பழைய ஆபத்தையும் காப்பது என்று பொருள் கொள்ளலாகாது. கண்ணுக்குத் தெரியும் உருவம் அப்படியே இருக்கட்டும். உயிரைக் காக்கும் உறுப்புக்கள் புதிய வலிமை பெறட்டும். அதற்கான வரிசை பின்வருமாறு:

1. பிரேக். இவ்வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் ஒருங்கே செயலற்றுப்போகும். ஆகையால் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர் வளையங்கள், ரப்பர் ஹோஸ்கள் யாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிட வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் குழாயை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். எனவே நாள்பட்ட எண்ணெயை முழுவதும் வடித்துப் புது எண்ணெய் விட வேண்டும். கைப் பிரேக்கையும் மேட்டில் நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

2. ஸ்டியரிங். சக்கரம் திரும்பாமலே கைவளையம் அதிகமாக ஆடினால், கிங் பின்களும் இணைப்புக் குமிழ்களும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அதே அளவில் புதியவை பொருத்தினால் அமைப்புக் கெடாது.

3. டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும், பல ஆண்டு நின்ற டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழும். அது வேகத்தில் பிளந்துவிடும். வண்டிக்குக் குறித்த அளவிலேயே புது டயர் வாங்க வேண்டும். அளவு மாறினால் வேகமானியும் தவறாகக் காட்டும். தகட்டையும் வெட்ட நேரும்.

4. விளக்கும் ஒயரும். துணி சுற்றிய பழைய ஒயர் உரிந்து இரும்பைத் தொட்டால் தீப்பிடிக்கும். அதே வழித்தடத்தில் புது ஒயர் இழுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஃப்யூஸ் வைக்க வேண்டும். பின்னால் இரண்டு சிவப்பு எதிரொளிப்பான்கள், பிரேக் விளக்கு, திரும்பும் குறி காட்டும் விளக்கு ஆகியவற்றைத் தகட்டில் துளையிடாமல், ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் தாங்கு பட்டை வைத்துப் பொருத்தலாம். வேண்டாதபோது கழற்றினால் வண்டி பழையபடி இருக்கும். இருக்கைப் பட்டியையும் இவ்வாறே பொருத்தலாம். பல சுருதி எழுப்பும் ஹாரன் எவ்வண்டிக்கும் ஆகாது.

5. எரிபொருள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பழைய ரப்பர்க் குழாயும் பெட்ரோல் பம்பின் சவ்வும் இதில் ஊறி இளகிப்போகும். எத்தனாலைத் தாங்கும் குழாயும் சவ்வும் வாங்கிப் போட வேண்டும். மேலும், ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே இஞ்சினைப் பிரிக்கும்போது வால்வு அமரும் இடங்களின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்.

6. புகை. இத்தகைய பழைய பெட்ரோல் நான்கு சக்கர வண்டி நின்ற நிலையில் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 10 லட்சத்தில் 1,500 பங்குக்கும் மேற்படலாகாது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து சரியாகத் திருப்பி வைத்தால், தேய்மானம் மிகாத இஞ்சின் இவ்வளவில் தேறும்.

7. தகடு. துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை ஒட்ட வேண்டும். சட்டகத்தில் வெடிப்பு இருந்தால் அனுபவமுள்ள கைதான் தொட வேண்டும். பழைய வர்ணத்தைச் சுரண்டுமுன், இருக்கைக்கு அடியில் மறைந்துள்ள மூல நிறத்தைக் குறித்துக்கொண்டு அதையே மீண்டும் பூசலாம்.

இந்த வேலைகள் நடக்கும் வரையில் பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. பட்டறைக்கோ சோதனைக்கோ வேறொரு லாரியில் ஏற்றியே கொண்டு செல்ல வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இல்லாத ஒரு நாள்

அதே வட்டாரத்தில் வேறோர் ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒருவர் பழைய பிக்கப் வண்டிக்கு டீசல் இஞ்சின் வைத்திருந்தார், புத்தகத்தில் பதியவில்லை. தகுதிச் சான்றும் இன்ஷூரன்ஸும் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. “ஊருக்குள்தானே ஓட்டுகிறோம்” என்பது அவர் வாதம். ஒரு நாள் காதுகுத்துக்கு உறவினரைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒரு கூலித் தொழிலாளி இறந்தார்; தொட்டியில் இருந்த பலர் காயமுற்றனர். இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பு முழுவதும் வண்டிக்காரர் தலையிலேயே விழுந்தது. இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்றுத்தான் அவர் அதைக் கட்டினார். அந்த நிலம் போனதை விட, அந்தக் குடும்பம் தன் ஆதாரத்தை இழந்ததே பெரிய நஷ்டம்.

மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். அது இருந்தாலும், சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் சென்ற பயணிகளுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சரக்குக்கு உடையவரோ அவருடைய பிரதிநிதியோ உடன் செல்லலாம். கல்யாணக் கூட்டத்தை ஏற்றுதல் ஆகாது. ஓட்டுபவருடைய லைசென்ஸையும் பார்க்க வேண்டும். 7,500 கிலோவுக்குட்பட்ட வண்டிகளை இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது.

பஞ்சாயத்தார் கவனத்துக்கு

பஞ்சாயத்துக்கோ பஞ்சாயத்து யூனியனுக்கோ சொந்தமான பழைய ஜீப்புக்கு மேற்கண்ட வழிகள் பொருந்தா. மத்திய, மாநில அரசுகளுக்கும், நகராட்சி, பஞ்சாயத்து முதலியவற்றுக்கும் சொந்தமான வண்டிகள் 15 ஆண்டு கடந்தால் பதிவு புதுப்பிக்கப்படமாட்டா என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அவற்றைப் பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையத்தின் மூலமே தீர்க்க வேண்டும். ஆகவே அத்தகைய வண்டியை மீண்டும் ஓட்டும் நோக்கத்துடன் பொதுப் பணத்தைச் செலவிட்டுப் பழுதுபார்க்கத் தீர்மானம் போடுதல் கூடாது.

தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. கிராம சபையில் வாரிசுப் பெயர் மாற்றத்தைப் பற்றியும் இன்ஷூரன்ஸைப் பற்றியும் எடுத்துச் சொல்லலாம். வயது முதிர்ந்தோருக்கு மனுக்களைப் பூர்த்தி செய்வதில் உதவலாம். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்தைக் கண்டிக்கலாம்.

முடிவாக

நம் பெரியவர் பத்து நாள் யோசித்தார். வீட்டுப் பரண்மீதிருந்த தகரப் பெட்டியில், நிலப் பத்திரங்களோடு தகப்பனார் பெயரிலுள்ள பதிவுப் புத்தகமும் கிடைத்தது. சொந்த உபயோக வண்டி என்றே அதில் கண்டிருந்தது. இஞ்சின் எண்ணும் ஒத்திருந்தது. டீசல் இஞ்சினுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பிரேக்கையும் ஒயரையும் டயரையும் சரிசெய்தார். தங்கையின் சம்மதத்தைப் பெற்றுப் பெயரை மாற்றிக்கொண்டு இரண்டாவது வழியில் மனுச் செய்தார். நிலக்கடலை மூட்டைகள் இன்று வாடகை வண்டியில் போகின்றன.

பழைய எண்ணுடனேயே சான்று கிடைத்தபின் ஒரு முறை அவரைக் கண்டேன். “மூட்டை சுமக்கத்தான் எங்கள் ஐயா இதை வாங்கினார். இப்போது வெறுந்தொட்டியோடு நிற்கிறதே என்று ஒரு குறை இருக்கிறது. ஆனால் எண் பலகையைப் பார்த்தால் அந்தக் குறை போய்விடுகிறது” என்றார்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இக்கட்டுரையைப் படித்து முடித்தவுடன் ஒரு காரியம் செய்யக் கோருகிறேன். கொட்டகைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, எந்த வகை என்று எழுதியிருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்று குறித்துக்கொள்ளுங்கள். இம்மூன்றும் தெரிந்த பிறகு எந்த வழி என்பதைத் தீர்மானியுங்கள். அதன் பின்னரே பட்டறைக்காரரை அழையுங்கள்.